தூக்கும் கைகளுக்கு: மாற்றுத்திறன் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர்கள் தங்கள் சுமையைக் குறைத்துக்கொள்ளும் முறை

மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், தசைச்சிதைவு ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ உள்ள பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தாய், தந்தை, பாட்டி, அத்தை ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். தென்மாவட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இயன்முறை மருத்துவராக (பிசியோதெரபிஸ்டாக) வேலை பார்த்தவள் நான். அந்த ஆண்டுகளில் பெரும்பாலானவற்றில், பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறி வந்து நின்ற பெண்ணிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் பயிற்சி கொடுத்தீர்களா?" என்பதாகவே இருந்தது. இடுப்பு எப்படி இருக்கிறது, இரவு எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்று கேட்கத் தொடங்கியது மிகவும் பிந்தித்தான். நான் எழுதித் தந்த ஆறு பயிற்சிகளையும் செய்ய முடியவில்லை என்று ஒரு தாய் சொல்லி அழுத நாளில், அவருடைய பொழுதை மணிவாரியாகக் கேட்டு ஒரு தாளில் எழுதினேன். எழுதி முடித்தபோது, அந்த ஆறு பயிற்சிகளுக்கும் அந்தத் தாளில் இடமே இருக்கவில்லை. நான் போட்டுக் கொடுத்த கணக்கு தவறானது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

பார்த்துக்கொள்பவரின் சோர்வை மனத்திடம் குறைந்ததன் அடையாளமாக நம் குடும்பங்கள் எடுத்துக்கொள்கின்றன. "பெற்ற பிள்ளைக்குச் செய்வதில் என்ன கஷ்டம்?" என்று கேட்கும் மாமியாரும், "உன்னை நம்பித்தான் சாமி கொடுத்திருக்கு" என்று புகழும் பக்கத்து வீட்டாரும், எண்ணம் வேறானாலும், வேலை முழுவதையும் ஒருவர் தலையில் நிலையாக ஏற்றிவைத்துவிடுகிறார்கள். மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர், விடுமுறையே இல்லாமல், பல ஆண்டுகள் செய்தால் எந்த மனிதரும் தளர்ந்துபோவார். ஆகவே தளர்ச்சியைக் குறைக்கும் வழி, அந்த வேலையை எண்ணிப் பார்ப்பதில் தொடங்குகிறது.

ஒரு வாரக் கணக்கு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஏழு நாள்களுக்கு, காலையில் எழுந்தது முதல் மறுநாள் எழும் வரை, மணி, வேலை, செய்தவர் யார், செய்த பிறகு உடம்பிலோ மனத்திலோ தோன்றியது என்ன என்ற நான்கை மட்டும் குறித்து வாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர் சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதுவும் சரியான கணக்குத்தான். கைப்பேசியில் பேசிப் பதிவு செய்துகொள்வதும் நல்லது. எதை விட்டாலும், தூக்கியது எத்தனை முறை, ஊட்டியது எவ்வளவு நேரம், துணி மாற்றியது எத்தனை முறை, இரவில் எழுந்தது எத்தனை முறை என்ற எண்களைத் தவறவிட வேண்டாம்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். கழுத்து நின்றாலும் தானாக உட்கார இயலாத எட்டு வயதுப் பிள்ளையின் எடை 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பாயிலிருந்து கழிப்பறைக்கு, அங்கிருந்து குளிக்கும் இடத்துக்கு, பிறகு நாற்காலிக்கு, மறுபடியும் பாய்க்கு என்று நாளொன்றுக்கு 14 முறை தூக்குவது இத்தகைய வீடுகளில் சாதாரணம். பெருக்கினால் 252 கிலோ, அதாவது ஐந்து சிமெண்டு மூட்டைக்குச் சற்று மேல். ஒரு வேளைக்கு 45 நிமிடம் வீதம் நான்கு வேளை ஊட்டினால் மூன்று மணி நேரம். கட்டட வேலையில் ஐந்து மூட்டை சுமந்தவருக்கு மாலையில் கூலியும் வார இறுதியில் ஓய்வும் கிடைக்கும். இவருக்கு மாலையில் அடுப்பும் நடுஇரவில் ஈரத்துணியும் காத்திருக்கும்.

நோட்டை மூன்று பேரிடம் காட்ட வேண்டும்: கணவரிடம் அல்லது மனைவியிடம், வீட்டுப் பெரியவரிடம், பிள்ளைக்குத் தெரபி கொடுப்பவரிடம். சண்டையின் நடுவே சொன்னால் புகாராகக் கேட்கும் அதே செய்தி, தாளில் எண்ணாக இருக்கும்போது எதிரில் இருப்பவரை யோசிக்க வைக்கிறது. மருத்துவமனைகளிலும் பார்த்துக்கொள்பவரின் சுமையை அளக்க இப்படிப்பட்ட அளவைகள் உண்டு. அமெரிக்காவின் ஸ்டீவன் ஸாரிட்டும் உடன் பணியாற்றியவர்களும் 1980இல் வெளியிட்ட, இன்று 22 கேள்விகளாக வழங்கும் வினாப்பட்டியல் முதலில் முதியோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக எழுந்தது. பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கென்றே ஒரு நேர்காணல் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். உங்களிடம் யாராவது இத்தகைய கேள்விகளைக் கேட்டால், "பரவாயில்லை டாக்டர், சமாளிச்சுக்கிறேன்" என்று முடித்துவிடாமல் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் நாங்கள் உங்களைக் கவனிக்காமல் விட்டோம்.

பயிற்சித் தாளைத் திருத்தச் சொல்லுங்கள்

பிசியோ ஒரு தாள் தருவார், பேச்சுப் பயிற்சியாளர் ஒரு தாள் தருவார், சிறப்புப் பள்ளி ஆசிரியர் இன்னொன்று தருவார். ஒவ்வொருவரும் தம் பங்குக்கு அரை மணி நேரம்தான் கேட்கிறார். ஆனால் மூன்று அரை மணிகளும் ஒரே ஆளின் நாளிலிருந்து போகின்றன. அடுத்த முறை போகும்போது நோட்டைத் திறந்து வைத்து, "இத்தனை பயிற்சிகளில் கட்டாயம் செய்ய வேண்டிய இரண்டு எவை? குளிப்பாட்டும்போதும் துணி மாற்றும்போதும் செய்யக்கூடியவை எவை?" என்று கேளுங்கள். மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். பயிற்சி தருபவரின் திறமையே அந்த இரண்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது.

ஓர் உதாரணம். கால்கள் இறுகிக் கத்தரிபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும் பிள்ளையைக் கைக்குழந்தைபோல் இரு கைகளிலும் ஏந்திச் சென்றால் இறுக்கம் அப்படியே இருக்கும். அதே பிள்ளையை இடுப்பின் இருபுறமும் கால்கள் அகன்று தொங்கும்படி ஒக்கலில் வைத்துக்கொண்டால், வாசலுக்கும் கடைக்கும் நடக்கும் நேரமே கால்களை அகட்டும் பயிற்சியாகிவிடும். பிள்ளைக்கும் வேடிக்கை பார்க்கக் கிடைக்கும். இடுப்பு மூட்டு விலகியுள்ள பிள்ளைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்ட பிறகே இதைச் செய்ய வேண்டும். வளர்ச்சித் தாமதமுள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கென உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் பயிற்சியும், ஒன்பது குழுக் கூட்டங்களையும் மூன்று வீட்டு வருகைகளையும் கொண்டு, விளையாட்டிலும் அன்றாட வீட்டு வேலைகளிலும் பயிற்சியைக் கலந்து கொடுக்கும் இந்த வழியையே பின்பற்றுகிறது. பார்த்துக்கொள்பவரின் சொந்த நலத்தையும் அது பாடத்தில் சேர்த்திருக்கிறது.

முதுகைக் காப்பது

தரையில் கிடக்கும் பிள்ளையைக் குனிந்து தூக்குவதுதான் முதுகை முதலில் கெடுக்கிறது. பாயிலிருந்து கட்டிலுக்கு மாறுவது செலவு பார்க்காமல் செய்ய வேண்டிய மாற்றம். இடுப்புயரக் கட்டிலோ பழைய மேசையோ இருந்தால், துணி மாற்றுவது, எண்ணெய் தேய்ப்பது, பயிற்சி கொடுப்பது எல்லாவற்றையும் நிமிர்ந்து நின்றே செய்யலாம். பிள்ளை உருண்டு விழாமல் ஓரத்தில் தடுப்பு மட்டும் வேண்டும். குளிப்பாட்டும்போது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, மார்பைச் சுற்றி ஒரு துண்டால் நாற்காலியோடு கட்டிக்கொண்டால் இரண்டு கைகளும் விடுபடும்.

தூக்க வேண்டியிருந்தால், கால்களைச் சற்று அகட்டி வைத்து, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தாழ்ந்து, பிள்ளையை மார்போடு ஒட்டிய பிறகே எழுங்கள். எழுந்த பின் இடுப்பைத் திருகாமல், பாதங்களை நகர்த்தித் திரும்புங்கள். தூக்குவதற்கு முன் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தினமும் சொல்லி வந்தால், பல பிள்ளைகள் மூன்றாவது எண்ணுக்குத் தம்மால் இயன்றவரை உடம்பைத் தயார்ப்படுத்திக்கொள்ளும். பிள்ளை பெரிதாகிவிட்டால் ஒருவர் அக்குளுக்கடியிலும் மற்றவர் முழங்காலுக்கடியிலும் பிடித்து இருவராகத் தூக்க வேண்டும். சக்கர நாற்காலி வாங்கினால் பிள்ளை நடக்கவே மாட்டான் என்று அஞ்சித் தள்ளிப்போடும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாற்காலியால் நடை நின்றுபோன பிள்ளையை நான் கண்டதில்லை. நாற்காலி இல்லாததால் இடுப்பு எலும்பு தேய்ந்த தாய்மார்களைக் கண்டிருக்கிறேன்.

உங்களுக்கு இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்து, பிள்ளையை விட்டுவிட்டு மருத்துவமனை வரிசையில் நிற்க முடியவில்லை என்றால், தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் பணியாளரை உங்கள் வீட்டுக்கும் வரச் சொல்லுங்கள். பிள்ளைக்கு மாத்திரை வாங்கத் தவறாத பலர் தம் மாத்திரையை மாதக்கணக்கில் வாங்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இரவு

தொடர்ந்து தூக்கம் கெட்டவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பதில் பயனில்லை. முதலில், பிள்ளை ஏன் எழுகிறது என்று பார்க்க வேண்டும். மலச்சிக்கல், வயிற்றிலிருந்து உணவு மேலெழுவது, ஒரே பக்கமாகக் கிடந்ததால் வரும் வலி, இரவு வலிப்பு ஆகியவை அடிக்கடி காணப்படும் காரணங்கள்; இவை ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் உண்டு. தூக்க மருந்தைத் தாமாக வாங்கிக் கொடுப்பது ஆபத்து. அடுத்து, இரவை இரண்டாகப் பிரியுங்கள். பத்து மணி முதல் இரண்டு மணி வரை ஒருவர், இரண்டு முதல் ஆறு வரை மற்றவர் என்று பொறுப்பேற்று, பொறுப்பில்லாதவர் வேறு அறையிலோ மொட்டைமாடியிலோ படுத்துவிட வேண்டும். ஒரே அறையில் படுத்தால் தாய்க்கு எப்படியும் விழிப்பு வந்துவிடும். கணவர் அதிகாலை வேலைக்குப் போகிறவர் என்றால் வாரத்தில் இரண்டு இரவாவது அவரோ பாட்டியோ ஏற்கட்டும்.

பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பது

எல்லாவற்றையும்விடக் கடினமானது இதுதான் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். "கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் எதைச் செய்வதென்று தெரியாது. கேட்டவருக்கும் கேட்டோம் என்ற கூச்சம்தான் மிஞ்சும். நோட்டில் உள்ள வேலைகளில் ஒன்றை எடுத்து, நாளும் நேரமும் சொல்லி ஒப்படைக்க வேண்டும். "செவ்வாய், வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்கதான் இவனைக் குளிப்பாட்டணும்" என்பது போன்ற சொல்லே நிற்கும். ஒப்படைத்த வேலையை மேற்பார்வை பார்க்கவும் கூடாது. தந்தை சட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டாலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது.

"எனக்கு இவனைப் பார்த்துக்கத் தெரியாது" என்று தந்தையர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். தாய்க்கும் முதல் நாளில் தெரியாது. தனியாக விடப்பட்டதால் கற்றுக்கொண்டார். தந்தையும் அப்படிக் கற்றுக்கொள்ள வேண்டுமானால், தாய் அந்த ஒரு மணி நேரம் வீட்டில் இருக்கக் கூடாது. கோயிலுக்கோ தோழி வீட்டுக்கோ போகட்டும், போக இடமில்லையென்றால் தெருமுனை வரை நடந்துவிட்டு வரட்டும். தந்தையரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளையின் மருத்துவத்துக்காக வாங்கிய கடனை அடைக்கத் திருப்பூருக்கோ வளைகுடா நாட்டுக்கோ போய் இரண்டு ஆள் வேலை பார்ப்பவர்களும், துக்கத்தை வெளியே சொல்லத் தெரியாமல் குடியில் இறங்கியவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடமும் யாரும் "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பதில்லை. தெரபிக்கு வரும்போது மாதம் ஒருமுறையாவது தந்தையை அழைத்து வாருங்கள். அவருக்கு நேராகக் கற்றுக் கொடுப்பதும் அவரைக் கேட்பதும் எங்கள் வேலை.

வெளியாள் ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமானால் ஒரு பக்கக் குறிப்பு தயாராக இருக்க வேண்டும். பல தாய்மார்கள், "எனக்கு மட்டும்தான் இவன் பாஷை புரியும்" என்பார்கள். அந்தப் பாஷையை எழுதுவதுதான் இந்தக் குறிப்பு. "ம்ம் என்று இழுத்தால் தண்ணீர் வேண்டும். கண்ணை மேலே உருட்டினால் சிறுநீர் வருகிறது. மிக்சி சத்தம் கேட்டால் பயந்து கத்துவான். கையை இறுக்கிப் பிடித்தால் அடங்குவான். இட்லியை ரசத்தில் குழைத்துச் சிறு கரண்டியில், நிமிர்த்தி உட்காரவைத்து, தாடை சற்றுத் தாழ்ந்திருக்க ஊட்ட வேண்டும். இருமினால் உடனே நிறுத்த வேண்டும். படுக்கவைத்து ஊட்டவே கூடாது." இப்படி எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டுங்கள்.

வலிப்பு வரும் பிள்ளையானால் அதைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, தலைக்கடியில் துணி வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிப்பதும், வாயில் எதையும் வைப்பதும், தண்ணீர் புகட்டுவதும் கூடாது. மருத்துவர் மூக்குத் தெளிப்பு மருந்து எழுதித் தந்திருந்தால் அது இருக்கும் இடத்தையும், அடிக்க வேண்டிய அளவையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழைக்க வேண்டும். பார்த்துக்கொள்ள வருபவரின் பயம் முக்கால்வாசி இந்தப் பத்தியைப் படித்தாலே தணியும். முதல் இரண்டு முறை நீங்கள் பக்கத்தில் இருந்து, மூன்றாம் முறை ஒரு மணி நேரம் மட்டும் விட்டுப் போய், பிறகு நேரத்தைக் கூட்டுங்கள்.

உறவினர் இல்லாதவர்கள் என்ன செய்வது? ஒரே தெரபி மையத்துக்கு வரும் மூன்று குடும்பங்கள் சேர்ந்து, சனிக்கிழமைதோறும் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளையும் இரண்டு பேர் பார்த்துக்கொள்ள, மூன்றாமவர் அன்று விடுப்பு எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை இரண்டு கிராமங்களில் பார்த்தேன். மகளிர் சுயஉதவிக் குழுவில் முறைவைத்துப் பழகிய பெண்களுக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. வலிப்பையும் எச்சிலையும் கண்டு முகம் சுளிக்காத இன்னொரு தாயிடம் பிள்ளையை விடுவதில் உள்ள நிம்மதி, சொந்தத் தங்கையிடம் விடும்போதுகூடச் சிலருக்குக் கிடைப்பதில்லை. தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம், சென்னையின் வித்யாசாகர், முட்டுக்காட்டிலுள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம், வேலூர் சி.எம்.சி.யின் நம்பிக்கை நிலையம் போன்ற இடங்களில் பிள்ளையோடு குடும்பத்துக்கும் சேர்த்தே பயிற்சி தருகிறார்கள். அங்கே போகும்போது மற்றப் பெற்றோரின் கைப்பேசி எண்ணையும் வாங்கி வாருங்கள்.

வீட்டில் மூத்த மகள் இருந்தால் அவளே இரண்டாம் தாயாகிவிடுவது நம் ஊரில் வழக்கம். அவளிடம் ஒரு வேலையைக் கொடுக்கலாம். ஒரு பதவியைக் கொடுக்கக் கூடாது. பரீட்சை நாளிலும் பள்ளிச் சுற்றுலாவிலும் அவளுக்கு விலக்கு வேண்டும். வாரத்தில் அரை மணி நேரமாவது அம்மாவோ அப்பாவோ அவளோடு மட்டும் இருக்க வேண்டும்.

துயரமும் நோயும்

அமெரிக்காவைச் சேர்ந்த சைமன் ஒல்ஷான்ஸ்கி 1962இல் எழுதிய கட்டுரையில், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் நீங்காமல் தங்கும் துயரத்தை இயல்பான ஒன்றாகக் கொள்ள வேண்டும், மனநோயாகக் கொள்ளக் கூடாது என்றார். "இன்னுமா ஏத்துக்கல?" என்று கேட்கும் நம்மவர்களுக்கு அது இன்றும் தேவையான பதில். கொழுந்தன் பிள்ளை முதல் அடி எடுத்து வைக்கும் நாளிலும், ஒத்த வயதுப் பிள்ளைகள் சீருடையோடு தெருவில் போகும் ஜூன் மாதத்திலும், மகள் வயதுக்கு வந்த அன்றும், கல்யாணப் பத்திரிகைகள் வரத் தொடங்கும் வயதிலும் அந்தத் துயரம் திரும்ப வரும். அந்த நாள்களை முன்கூட்டியே அறிந்து, அன்று தனியாக இராமல், விசேஷத்துக்குப் போகப் பிடிக்கவில்லையென்றால் போகாமல் இருந்துவிடலாம். "என்ன பாவம் செய்தேனோ" என்ற எண்ணம் வரும்போது, மூளை முடக்குவாதத்துக்குக் குறைமாதப் பிறப்பு, பிரசவ நேரத்து மூச்சுத்திணறல், கடுமையான மஞ்சள்காமாலை, மூளைத் தொற்று என்று உடல்சார்ந்த காரணங்களே உண்டென்பதையும், எந்தத் தாயின் வளர்ப்பாலும் ஆட்டிசம் வருவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பரிகாரத்துக்குப் போவது உங்கள் விருப்பம். குற்றவாளியாகப் போக வேண்டியதில்லை.

இந்தத் துயரம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. பிள்ளை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வராமல், பசி இல்லாமல், முன்பு பிடித்த எதிலும் ஆர்வம் இல்லாமல், இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்கள் இப்படியே கழிந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. போக முடியாதவர்கள் 14416 என்ற டெலிமனஸ் எண்ணில் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

"இவனையும் கூட்டிக்கிட்டுப் போய்ச் சேர்ந்துடலாம்" என்ற எண்ணம் வந்ததாக என்னிடம் சொன்னவர்கள் பலர். அப்படித் தோன்றியதால் நீங்கள் கெட்ட தாயோ தந்தையோ ஆகிவிடவில்லை. உடனே உதவி தேவைப்படும் நிலைக்கு வந்திருக்கிறீர்கள். அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், 14416ஐ அழையுங்கள், வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தையும் மிஞ்சிய மாத்திரைகளையும் வேறு வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள், அந்த இரவு தனியாக இருக்காதீர்கள். இப்படி ஒருவர் உங்களிடம் சொன்னால் அறிவுரை கூறாமல் போய்ப் பக்கத்தில் இருங்கள்.

கோபத்தில் பிள்ளையை அடித்துவிட்டு அழுபவர்களுக்கும் ஒரு வழி சொல்கிறேன். கை ஓங்கும் முன், பிள்ளை விழாத, மூச்சு முட்டாத இடத்தில் கிடத்திவிட்டு, கதவுக்கு வெளியே போய் முகம் கழுவி ஐந்து நிமிடம் நின்று வாருங்கள். பிள்ளை அழுதாலும் அந்த ஐந்து நிமிடத்தில் ஆபத்தில்லை. பிறகு நோட்டில் அந்த நேரத்தைக் குறியுங்கள். அடித்த நேரங்களை எடுத்துப் பார்த்தால் அவை பெரும்பாலும் சாப்பிடாத மதியமாகவோ தூங்காத இரவுக்கு அடுத்த நாளாகவோ இருக்கும். அப்போது எந்த நேரத்துக்கு ஆள் வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

தாள்களும் பணமும்

அலுவலக வேலைகளை வீட்டிலுள்ள மற்றொருவர் முழுப்பொறுப்பாக ஏற்பதே முறை. பிள்ளையைப் பார்ப்பவரே கலெக்டர் ஆபீஸ் படியும் ஏறக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் தனித்துவ அடையாள அட்டை (UDID) முதல் தேவை. தமிழ்நாட்டில் 40 விழுக்காடும் அதற்கு மேலும் அறிவுசார் குறைபாடு உடையோருக்கும், 75 விழுக்காடும் அதற்கு மேலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கும் பராமரிப்பு உதவித்தொகையாக 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய் வழங்கப்படுகிறது. இதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இழுத்தடித்தால் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வெளிநோயாளிச் செலவும் தெரபிச் செலவும் அதில் அடங்கும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பிள்ளைக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. மத்திய அரசுப் பணியிலிருக்கும் பெண்களுக்கும் தனித்து வளர்க்கும் தந்தையருக்கும் உள்ள 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பில், பிள்ளைக்கு மாற்றுத்திறன் இருந்தால் வயது வரம்பு இல்லை. வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்குக் கோரவும் 2014 முதல் வழி உண்டு. வருமானவரி கட்டுவோர் பழைய முறையைத் தேர்ந்தால் 75,000 ரூபாயும், 80 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடிருந்தால் 1,25,000 ரூபாயும் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, உயர் ஆதரவு (பிறரின் உதவி மிக அதிகமாக) தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படித்தொகையையும் திட்டங்களில் சேர்க்கச் சொல்கிறது. பார்த்துக்கொள்வதும் வேலைதான் என்று சட்டமே ஏற்றுக்கொண்ட இடம் இது. விண்ணப்பிக்கும்போது இந்தப் பிரிவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

எங்களுக்குப் பிறகு

எந்தப் பெற்றோரையும் நடுஇரவில் எழுப்பும் கேள்வி இது. கேள்வியைத் துண்டுதுண்டாகப் பிரித்தால் இரவின் கனம் குறையும். மேற்சொன்ன நான்கு குறைபாடுகளுக்கும், பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும், 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப் பாதுகாவலர் நியமனம் கோரலாம். அரசு ஊழியராகவோ ஓய்வூதியராகவோ இருப்பவர்கள், தாமாகச் சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும்படி, உயிரோடு இருக்கும்போதே அலுவலகப் பதிவேட்டில் பெயரைச் சேர்த்துவிட வேண்டும். பிறகு, பத்து வயது முதலே மாதத்தில் ஓர் இரவு பிள்ளை வேறு வீட்டில், சித்தியிடமோ அந்த மூன்று குடும்பங்களில் ஒன்றிடமோ தங்கிப் பழகட்டும். முதல் இரவு பிள்ளையைவிட நீங்கள்தான் அதிகம் தவிப்பீர்கள். கதவில் ஒட்டிய அந்த ஒரு பக்கக் குறிப்பைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மூன்று மாதம் கழித்து அதே நோட்டைத் திறந்து இன்னொரு வாரம் எழுதுங்கள். "செய்தவர் யார்" என்ற பத்தியில் முதல் வாரம் முழுவதும் ஒரே பெயர் இருந்திருக்கும். இந்த வாரம் எத்தனை இடத்தில் வேறு பெயர் வந்திருக்கிறது என்று எண்ணி, தெரபிக்கு வரும்போது அந்தப் பக்கத்தையும் கொண்டு வந்து காட்டுங்கள்.